ஒன்பதாவது வரி

பதினான்கு வரி எழுதினால் ஸானெட் ஆகிவிடும் என்று ஓர் எண்ணம் இருந்து வருகிறது. கல்லூரியில் ஆங்கிலக் கவிதை படித்தவர்களுக்கு ஸானெட்டைப் பற்றி நினைவில் நிற்பது பெரும்பாலும் அந்த எண் ஒன்றுதான். எந்த வரியின் கடைசி ஒலி எந்த வரியின் கடைசி ஒலியோடு சேருகிறது என்று புத்தகத்து ஓரத்தில் பென்ஸிலால் குறித்துக்கொண்டது சிலருக்கு நினைவிருக்கலாம். பரீட்சைக்கு அது போதும். எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவனுக்குப் போதாது. இதற்கு நேர் எதிரான கட்சி ஒன்றும் உண்டு. ஒலியும் வேண்டாம், சீரும் வேண்டாம், பதினான்கு வரி இருந்தால் போதும், அதுதான் புது ஸானெட் என்கிற கட்சி. இரு கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்கிறார்கள். ஆனால் இருவரும் உட்கார்ந்து எண்ணுவது வரிகளைத்தான்.

வரிகளை எண்ணிப் பிரயோஜனம் இல்லை என்பதற்கு ஷேக்ஸ்பியரே சாட்சி. 1609-ல் அச்சான அவருடைய ஸானெட் தொகுதியில் 154 கவிதைகள் இருக்கின்றன. அவற்றில் 99-ஆவது கவிதைக்கு 15 வரி. 126-ஆவது கவிதைக்கு 12 வரி. அதற்காக அவற்றை யாரும் தொகுதியிலிருந்து தள்ளிவைத்துவிடவில்லை. 14 வரி இருந்தும் ஸானெட் ஆகாத கவிதைகளோ ஏராளம். அப்படியானால் ஸானெட்டை ஸானெட் ஆக்குவது எது? அதை எழுதக் கற்றுக்கொள்கிறவன் உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறான்?

நான் கவி அல்ல, கதை எழுதுகிறவன். இந்தக் கேள்வியில் எனக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு மனம் ஒரு நினைப்பிலிருந்து இன்னொரு நினைப்புக்கு நகர்வதைச் சின்ன இடத்துக்குள் பொய்யில்லாமல் காட்டுவது எப்படி என்பது கதாசிரியனுக்கும் உள்ள சங்கடம். அந்தச் சங்கடத்துக்கு மிகத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிற இலக்கிய உருவம் ஸானெட் என்பது என் அபிப்பிராயம். அதனால்தான் கவிகளின் வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறேன்.

ஸானெட் பிறந்த இடம் ஸிஸிலி தீவு. 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இரண்டாம் ஃபிரடெரிக் சக்கரவர்த்தியின் சபையில் நோட்டரி உத்தியோகம் பார்த்து வந்த ஜியாகோமோ தா லென்தினி என்பவர்தான் அதை முதலில் அமைத்தவர் என்று சொல்கிறார்கள். சட்டமும் பத்திரமும் தெரிந்த மனிதர் கண்டுபிடித்த உருவம் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அதில் ஒரு கட்சி சொல்லப்படுகிறது. பிறகு அதற்குப் பதில் வருகிறது. கட்சிக்கு எட்டு வரி, பதிலுக்கு ஆறு வரி. ஏழும் ஏழுமாகச் சரிபாதி பிரித்திருந்தால் தராசுத் தட்டுப்போல் இரண்டும் சமமாக நின்றுபோயிருக்கும். எட்டுக்கு ஆறு என்றால் பதில் சொல்கிறவனுக்கு இடம் குறைவு. அவன் சுருக்கியும் அழுத்தியும் பேசியாக வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் பெட்ரார்க் இந்த உருவத்துக்குப் புகழ் தேடித் தந்தார். லாராவை நினைத்து அவர் தொகுத்த 366 கவிதைகளில் 317 ஸானெட்டுகள். அவருடைய முறையில் முதல் எட்டு வரிக்கும் சேர்த்து இரண்டே இரண்டு இறுதி ஒலிகள்தாம். ஒன்பதாவது வரியில் புது ஒலி வந்துவிடுகிறது. எட்டு வரி கேட்டுப் பழகிய காதுக்கு அங்கே ஏதோ மாறிவிட்டது என்று தெரிகிறது. காது உணர்ந்த அந்த மாறுதலை மனமும் உணரும்படி செய்வதுதான் கவியின் வேலை. இதற்கு இத்தாலியர்கள் 'வோல்தா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருப்பம் என்று நாம் சொல்லலாம்.

திருப்பம் என்றதும் நம் வாசகர்களுக்குச் சிறுகதையின் கடைசி வரித் திருப்பம் ஞாபகம் வரும். இது அதுவல்ல. அங்கே ஆசிரியர் முன்பே தெரிந்துவைத்திருந்த ஒரு செய்தியை ஒளித்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிறார். ஸானெட்டில் ஒளிக்க எதுவும் இல்லை. எட்டு வரியில் சொன்ன அதே விஷயத்தை, சொன்ன அதே மனிதன், இன்னொரு கோணத்தில் பார்க்க நேருகிறது. 'ஆனால்' என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். அந்த 'ஆனால்' உண்மையானதாக இருந்தால் கவிதை பிழைத்தது. அலங்காரத்துக்குப் போட்ட 'ஆனால்' என்றால் எத்தனை ஒலிகள் சேர்ந்தும் பிரயோஜனம் இல்லை.

16-ஆம் நூற்றாண்டில் வயட்டும் ஸர்ரே பிரபுவும் ஸானெட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் ஒரு சிரமம் ஏற்பட்டது. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரோசையில் முடிகின்றன. அதனால் இறுதி ஒலி சேரும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஒரே ஒலிக்கு நாலு சொல் தேடுவதற்குள் கவிக்கு மூச்சு வாங்கிவிடும். ஆகவே ஸர்ரே வேறு ஏற்பாடு செய்தார். நாலு நாலு வரியாக மூன்று கட்டு, கடைசியில் ஒரு ஜோடி வரி. மொத்தம் ஏழு ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல் தேடினால் போதும். ஷேக்ஸ்பியர் கையாண்டது இந்த ஏற்பாட்டைத்தான்.

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஒரே எண்ணத்தை மூன்று படியாக ஏற்றிக்கொண்டு போக முடிவது லாபம். திருப்பத்தைக் கடைசி இரண்டு வரிக்குத் தள்ளிப்போடும் சபலம் நஷ்டம். பன்னிரண்டு வரி சொன்னதை இரண்டு வரியில் திருப்ப வேண்டுமானால் அது நீதிமொழியாகவோ சாமர்த்தியமாகவோ போய்விடுகிறது. கச்சேரி முடிவில் மங்களம் பாடுவது மாதிரி. ஷேக்ஸ்பியரின் ஜோடி வரிகளிலேயே சில, கவிதை முடிந்தபிறகு ஒட்டவைத்தவை போல இருக்கின்றன என்று சொல்வதில் தவறில்லை. அவருடைய நல்ல ஸானெட்டுகளில் மனம் ஒன்பதாவது வரியிலேயே திரும்பத் தொடங்கிவிடுவதைக் கவனித்துப் படிக்கிறவர்கள் காணலாம். ஏற்பாடு மாறியும் அவர் காது பழைய இடத்தை மறக்கவில்லை.

இந்த இரண்டு முறைகளையும் கற்று, இரண்டிலும் அதிருப்தி அடைந்து, அந்த அதிருப்தியிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்தவர் ஜான் கீட்ஸ். ஸானெட் கற்க விரும்புகிறவனுக்கு அவரை விட நல்ல வாத்தியார் கிடையாது. ஏனென்றால் அவர் கற்றுக்கொண்டது நம் கண் முன்னால் நடக்கிறது. 25 வயதில் இறந்துபோன அவர் 60-க்கும் மேற்பட்ட ஸானெட்டுகள் எழுதியிருக்கிறார். எல்லாம் நல்லவை அல்ல. ஆரம்பத்தில் எழுதியவற்றில் பல வெறும் உபசாரம்தான். நண்பருக்கு ஒன்று, சகோதரனுக்கு ஒன்று, பூ அனுப்பியவருக்கு ஒன்று.

1816 அக்டோபரில் அவருக்கு 21 வயது ஆகப்போகிற சமயம். வைத்தியத் தொழில் படித்துக்கொண்டிருந்தார். கிரேக்க மொழி தெரியாதவர். ஒரு நாள் இரவு நண்பர் கௌடன் கிளார்க்கின் அறையில் இருவரும் சேர்ந்து, சாப்மன் என்ற பழைய கவி மொழிபெயர்த்த ஹோமரை விடிய விடியப் படித்தார்கள். விடியற்காலையில் கீட்ஸ் நடந்தே தம் ஜாகைக்குத் திரும்பினார். காலை பத்து மணிக்குள் அந்த அனுபவத்தைப் பற்றிய ஸானெட் கிளார்க்கின் மேஜைக்கு வந்துவிட்டது. பெட்ரார்க் முறையில் அமைந்த ஸானெட்.

அதன் அமைப்பைப் பாருங்கள். முதல் எட்டு வரி முழுவதும் பிரயாணம். பல பொன்னாடுகளில் சுற்றியதையும், ஹோமர் ஆளும் பெரிய தேசத்தைப் பற்றிக் காதால் கேட்டதையும் கவி சொல்கிறார். எட்டாவது வரியில் சாப்மனின் குரல் கணீரென்று கேட்கிறது. ஒன்பதாவது வரியில் பிரயாணம் நின்றுவிடுகிறது. வானத்தில் புதுக் கிரகம் ஒன்றைக் கண்டுவிட்டவனும், மலை உச்சியில் நின்று பசிபிக் சமுத்திரத்தை முதல் முதலாகப் பார்க்கும் வீரனும் உவமையாக வருகிறார்கள். கடைசி வரியில் எல்லோரும் மௌனமாக நிற்கிறார்கள். எட்டு வரியில் நடையும் சத்தமும். ஆறு வரியில் நிலையும் மௌனமும். சந்தோஷம் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. அந்த வீரனுக்குக் கோர்ட்டெஸ் என்று கீட்ஸ் பெயர் கொடுத்துவிட்டார். 1513-ல் அந்தச் சமுத்திரத்தைக் கண்டவன் பல்போவா. சரித்திர வாத்தியார் மார்க் குறைக்கலாம். கவிதைக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொரு சின்ன விவரம் எழுதுகிறவர்களுக்கு உபயோகப்படும். பத்திரிகையில் முதலில் வந்தபோது ஏழாவது வரி, தமக்கு விஷயம் விளங்கியதில்லை என்ற பொருளில் இருந்தது. 1817-ல் புத்தகமாக்கும்போது, அந்தத் தேசத்துக் காற்றைத் தாம் சுவாசித்ததே இல்லை என்ற பொருளுக்கு மாற்றிவிட்டார். விளங்கவில்லை என்பது மூளை சொல்கிற குறை. சுவாசித்ததில்லை என்பது உடம்பு சொல்கிற குறை. திருப்பம் ஒன்பதாவது வரியில் வருகிறது என்றாலும் அதற்கான வேலை ஏழாவது வரியிலேயே நடந்துவிட வேண்டும் என்பதை அந்தத் திருத்தம் காட்டுகிறது.

1816 டிசம்பர் 30-ஆம் தேதி, லீ ஹண்ட் என்ற பத்திரிகாசிரியரின் வீட்டில் ஒரு போட்டி. வெட்டுக்கிளியையும் சுவர்க்கோழியையும் பற்றிக் குறித்த நேரத்துக்குள் ஆளுக்கொரு ஸானெட் எழுத வேண்டும். கீட்ஸ் முதலில் முடித்தார். எட்டு வரியில் கோடைக்கால வெட்டுக்கிளி. ஆறு வரியில் குளிர்கால இரவில் கணப்பின் பக்கத்தில் கத்தும் சுவர்க்கோழி. கடைசியில், தூங்கி விழுகிற ஒருவன் காதில் அந்தச் சுவர்க்கோழியின் சத்தம் வெட்டுக்கிளியின் சத்தமாகவே கேட்கிறது. விளையாட்டாக எழுதியதுதான். ஆனால் திரும்பிய மனம் புறப்பட்ட இடத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம் என்கிற ரகசியம் அதில் இருக்கிறது.

1818 ஜனவரியில் ஷேக்ஸ்பியர் முறைக்கு வருகிறார். எழுத நினைத்ததையெல்லாம் எழுதி முடிக்குமுன் செத்துப்போய்விடுவோமோ என்கிற பயத்தைப் பற்றிய கவிதை. மூன்று கட்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. பன்னிரண்டு வரி முடிந்த பிறகு ஜோடி வரியில் திரும்ப வேண்டும் என்பது சம்பிரதாயம். கீட்ஸ் பன்னிரண்டாவது வரியின் நடுவிலேயே திரும்பிவிடுகிறார். இரண்டு வரி அவருக்குப் போதவில்லை; பக்கத்து வீட்டிலிருந்து அரை வரி கடன் வாங்கிக்கொள்கிறார். விதியை மீறுவது என்றால் இதுதான். மீறலுக்குக் காரணம் கவிதைக்குள்ளேயே இருக்கிறது. சாவு நெருங்குகிறது என்று பயப்படுகிறவன் தன் வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருப்பானா?

1819 வசந்த காலத்தில், அமெரிக்கா போய்விட்ட தம்பிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் கீட்ஸ் தம் அதிருப்தியைச் சொல்கிறார். பெட்ரார்க் முறையில் ஒலிகள் திடீர் திடீரென்று பாய்ந்து வந்து விழுகின்றன. மற்ற முறையில் இரங்கற்பாவின் சாயல் அதிகம், கடைசி ஜோடி வரியும் சரியாக அமைவது அபூர்வம் என்பது அவர் குறை. ஒலிகளை இடம் மாற்றிப் போட்டு ஒரு ஸானெட்டும் எழுதி அனுப்பினார். அது பெரிய வெற்றி அல்ல. ஆனால் அதை அடுத்து, அதே பருவத்தில் அவருடைய பெரிய பாட்டுகள் பிறந்தன. நைட்டிங்கேலைப் பற்றிய பாட்டில் வருகிற பத்து வரிக் கட்டைப் பிரித்துப் பார்த்தால், முதல் நாலு வரி ஷேக்ஸ்பியர் ஸானெட்டின் ஒரு கட்டு; அடுத்த ஆறு வரி பெட்ரார்க் ஸானெட்டின் பிற்பகுதி. மூன்று வருஷம் ஸானெட் எழுதிக் கற்றது ஸானெட் அல்லாத ஒன்றில் வந்து பலித்தது.

புதுக் கவிகள் எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பதை இனிப் பார்க்கலாம். அமெரிக்க நீக்ரோ ஜனங்களின் வாழ்வை எழுதிய க்வெண்டலின் ப்ரூக்ஸ் 1945-ல் இரண்டாம் உலக யுத்தத்துச் சிப்பாய்களைப் பற்றி ஒரு ஸானெட் வரிசை வெளியிட்டார். ஒலிகள் முழுவதுமாகச் சேருவதில்லை. அரைகுறையாக இடித்துக்கொண்டு நிற்கின்றன. சரியாகச் சேராத நிலைமைக்குச் சரியாகச் சேராத ஒலிதான் தகும் என்பது அவர் கருத்து. தேசத்துக்காகச் சண்டை போட்டவர்களை அந்தத் தேசமே சமமாக நடத்தவில்லையே! இங்கே ஒலியைக் குறைத்ததே அர்த்தமாகிவிடுகிறது. முழு ஒலி எப்படி இருக்கும் என்று தெரிந்த காதுதான் அதைக் குறைக்கவும் முடியும்.

பாப்லோ நெரூதா 1959-ல் மடில்டேக்கு 100 காதல் ஸானெட்டுகள் எழுதினார். பழைய கவிகளின் ஸானெட்டுகள் வெள்ளி போலவும் பளிங்கு போலவும் ஒலித்தன, என்னுடையவை மரத்தால் செய்தவை என்று சொல்லி இறுதி ஒலியை விட்டுவிட்டார். நாலு, நாலு, மூன்று, மூன்று என்கிற வரிப் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டார். நூறும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். உவமைமேல் உவமையாக அடுக்கிக்கொண்டே போய்ப் பதினான்காவது வரியில் நின்றுவிடுகிறவை சில உண்டு. அவை அழகான துதிகள். துதி திடுக்கிட்டு நின்று, இவள் இல்லாமற் போனால் என்ன செய்வேன் என்று கேட்கும் இடங்களில்தான் மரத்துக்கு உயிர் வருகிறது. 2018-ல் டெரன்ஸ் ஹேய்ஸ் 70 ஸானெட்டுகள் கொண்ட புத்தகம் வெளியிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு. எல்லாமே கவி தன்னைக் கொல்ல வருகிறவனைப் பார்த்துச் சொல்வது. சீரும் ஒலியும் கட்டுப்பாடாக இல்லை. ஆனால் ஸானெட்டையே எதிரியை உள்ளே வைத்துப் பூட்டும் அறையாகச் சொல்கிறார். பூட்டியவன் வெளியே இருக்கிறானா, உள்ளே இருக்கிறானா என்கிற சந்தேகம் வாசகனுக்கு எழுகிறது. திருப்பம் அங்கே இருக்கிறது.

ஆக, விடக்கூடியவை பல, விடக்கூடாதது ஒன்று. எழுதிப் பழக விரும்புகிறவனுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை மிகச் சாதாரணமானது. முதலில் வசனத்தில் ஒரு வாக்கியம் எழுதட்டும்: தான் மனமார நம்புகிற ஒன்றை. பிறகு 'ஆனால்' என்று போட்டு இன்னொரு வாக்கியம் எழுதட்டும். முதல் வாக்கியத்தை எழுதும்போதே இரண்டாவது தெரிந்திருந்தது என்றால் இரண்டையும் கிழித்துப் போடட்டும். தெரியாமல் வந்த வாக்கியம் கிடைத்தபிறகு எட்டு வரி, ஆறு வரி பற்றி யோசிக்கலாம். இறுதி ஒலியைக் கொஞ்ச காலமாவது கட்டாயமாக வைத்துப் பழகுவது நல்லது என்பேன். அழகுக்காக அல்ல. நினைத்த முதல் சொல் ஒலிக்கு ஒத்துவராது. இரண்டாவது, மூன்றாவது சொல்லைத் தேட வேண்டியிருக்கும். தேடுகிறபோது, நினைத்ததுதான் சரியா என்கிற சந்தேகம் பிறக்கும். அந்தச் சந்தேகத்திலிருந்துதான் ஒன்பதாவது வரி கிடைக்கிறது.

நம் நாட்டில் ஸானெட் வேரூன்றியது வங்காளியில். மைக்கேல் மதுசூதன தத்தர் 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்தவர். அப்போது அவர் எழுதியது ஆங்கிலக் கவிதை. பின்னால் பிரான்ஸில் வெர்ஸாய் நகரத்தில், கடனிலும் கஷ்டத்திலும் இருந்தபோது, வங்காளியில் ஸானெட்டுகள் எழுதினார். 1866-ல் புத்தகமாக வந்தது. சதுர்தசபதி என்று பெயர் வைத்தார். அது வங்காளியில் நிலைத்ததற்குக் கவியின் மேதை ஒரு காரணம். பாஷையின் அமைப்பு இன்னொரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வங்காளியின் பழைய பயார் யாப்பில் ஓர் அடிக்குப் பதினான்கு எழுத்து. எட்டில் ஒரு நிறுத்தம், பிறகு ஆறு. எட்டும் ஆறும் அந்தக் காதுக்கு முன்பே பழக்கம்.

தமிழில் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் முயன்றார். 1870-ல் பிறந்து 1903-ல் 33 வயதில் மறைந்த அந்தப் பேராசிரியர், பரிதிமாற் கலைஞர் என்ற பெயரில் வெளியிட்ட 'தனிப்பாசுரத் தொகை' ஸானெட்டைத் தமிழுக்குக் கொண்டுவரச் செய்த முயற்சி. போப் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். முயற்சி மரியாதைக்குரியது; ஆனால் தமிழில் அதற்கு ஒரு பரம்பரை உண்டாகவில்லை. நம் காது அடியின் தொடக்கத்தைக் கேட்டுப் பழகிய காது. எதுகை அடுத்தடுத்த அடிகளை ஜோடி சேர்க்கிறது. நாலு வரி தாண்டி இருக்கிற வரியைக் கடைசி ஒலியால் ஞாபகம் வைத்துக்கொள்கிற பழக்கம் நமக்கு இல்லை. ஆகவே தமிழில் 14 அடி எழுதினால் 14 அடிதான் கேட்கும். எட்டும் ஆறும் கேட்காது.

ஆனால் திரும்பும் உருவம் நமக்குப் புதிதா? நளவெண்பா படித்தவர்கள் யோசித்துப் பார்க்கட்டும். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் ஒரு தனிச்சொல் நிற்கிறது. முன்னடிகளின் எதுகையைக் கையில் பிடித்துக்கொண்டே அடுத்த அடிக்குள் கால் வைக்கிற சொல் அது. அதற்குப் பிறகு எதுகை மாறலாம். கடைசி அடி மூன்றே சீரில் முடிந்துவிடுகிறது. பின்பகுதிக்கு இடம் குறைவு. ஸிஸிலியில் நோட்டரி செய்த அதே கணக்கு. தனிச்சொல்லை வெறும் அசை நிரப்ப உபயோகிக்கிற வெண்பாக்காரர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஸானெட்டுகளைக் கவனமாகப் படித்த ஓர் இளைஞன் தமிழில் ஸானெட் எழுத வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தனிச்சொல்லின் இடத்தில் அவன் மனம் நிஜமாகவே ஒரு முறை தயங்கித் திரும்பினால், அதைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.